கழுத்தில் கொப்புளம், கையில் பழைய ரேசர்: கோணம் மட்டும்தான் காரணமா?

கோவையிலிருந்து 32 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஹோட்டல் ஒன்றின் வரவேற்புப் பிரிவில் வேலை. தினமும் முழுச் சவரம் செய்துகொண்டுதான் பணிக்கு வர வேண்டும் என்பது அங்கே விதி. பல ஆண்டுகளாக மூன்று பிளேடு, ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜ் ரேசர்களைப் பயன்படுத்தி வந்தார். தாடைக்குக் கீழும் கழுத்திலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வரும். அவை ஆறினால் கரும்புள்ளிகள் தங்கிவிடும். இதைக் கேள்விப்பட்ட மைத்துனர், அமெரிக்காவில் பழம்பொருள் சந்தை ஒன்றில் வாங்கிய 'ஜெம் மைக்ரோமேட்டிக்' ரேசரைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கைப்பிடியின் அடியைத் திருகினால் தலை திறக்கும், ஒரே பக்கம் கூர் உள்ள தடித்த பிளேடு போடும் வகை.

"ஒரே பிளேடுதானே, இனி கொப்புளம் வராது என்று நம்பினேன் டாக்டர். முதல் வாரமே கன்னமெல்லாம் கீறல். கழுத்து முன்பைவிட மோசம்" என்கிறார். 30 டிகிரி கோணம் என்று எங்கோ படித்து, கைப்பிடிக்கும் கன்னத்துக்கும் இடையே அந்தக் கோணம் வரும்படி கண்ணாடி முன் பார்த்துப் பார்த்துப் பிடிக்கிறார். பிளேடு ஆன்லைனில் மலிவாக வாங்கிய நூறு பிளேடு பெட்டி. அதன் மேல் பெயின்ட் சுரண்டும் படம் இருக்கிறதாம். எரிச்சலுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய க்ரீமை மூன்று மாதமாகத் தடவுகிறார். தடவினால் அடங்குகிறது, நிறுத்தினால் சிவந்து அரிக்கிறது. கடிதத்தின் கடைசியில் இன்னொரு விஷயம்: சர்க்கரை நோயும், இதயத்தில் ஸ்டென்ட்டும் உள்ள அவருடைய அப்பாவுக்கும் இந்த ரேசர் பிடித்துப்போய், அதையே எடுத்துச் சவரம் செய்கிறாராம். "சரியான கோணம் எது என்று மட்டும் சொன்னால் போதும்" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

கோணத்தைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்த க்ரீம். அதற்கு அடுத்து, உங்கள் அப்பா. கோணம் மூன்றாவது இடத்தில்தான் வருகிறது. நீங்கள் கேட்டது அதுதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

30 டிகிரி யாருக்கு?

நீங்கள் படித்த 30 டிகிரி பொய்யில்லை. அது பிளேடுக்கும் தோலுக்கும் இடையே இருக்க வேண்டிய கோணம், அதுவும் தோராயமாக. நீங்கள் அதைக் கைப்பிடிக்கும் கன்னத்துக்கும் இடையே வைத்துவிட்டீர்கள். கைப்பிடியை அவ்வளவு தூரம் முகத்தை நோக்கித் தாழ்த்தினால், தலைக்குள் இருக்கும் பிளேடு தோலின் மேல் செங்குத்தை நோக்கி நிமிர்ந்துவிடும். அப்போது அது முடியை வெட்டாது, தோலைச் சுரண்டும். உங்கள் கன்னத்தில் விழுந்த கீறல்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

சேஃப்டி ரேசரின் தலையில் இரண்டு பகுதிகள் தோலைத் தொடும். ஒன்று பிளேடை மேலிருந்து மூடும் மூடி. இன்னொன்று கூருக்குக் கீழே, சில ரேசர்களில் சீப்புப் பல் போலவும் சிலவற்றில் நேர்ப்பட்டையாகவும் இருக்கும் தடுப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் பிளேடின் கூர் கொஞ்சமாக எட்டிப் பார்க்கும். மூடியும் தடுப்பும் ஒருசேரத் தோலில் படிந்தால் கோணம் தானாகவே சரியாக அமைந்துவிடும். ரேசரைச் செய்தவர் அந்தக் கோணத்தைத் தலைக்குள்ளேயே வைத்துத்தான் கொடுத்திருக்கிறார். தச்சரின் இழைப்புளியும் இப்படித்தான். தச்சர் உளியைக் கோணம் பார்த்துப் பிடிப்பதில்லை. இழைப்புளியின் அடிப்பக்கத்தை மரத்தில் படியவைத்துத் தள்ளுகிறார், அவ்வளவுதான். 18ஆம் நூற்றாண்டில் ழான் ழாக் பெரே என்ற பிரெஞ்சுக் கத்தி வினைஞர், இழைப்புளியைப் பார்த்துத்தான் சவரக் கத்திக்கு மரத் தடுப்பு வைக்கும் யோசனைக்கு வந்தார் என்று சொல்வார்கள்.

உங்கள் ரேசரில் இன்னொரு வேறுபாடு உண்டு. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் இரு பக்கக் கூர் பிளேடு மெல்லியது, சுமார் 0.1 மில்லிமீட்டர். மூடியின் வளைவுக்கு ஏற்ப அது வளைந்து உட்காரும். ஜெம் வகை பிளேடு ஏறக்குறைய 0.23 மில்லிமீட்டர் தடிமன், பின்னால் ஒரு முதுகுப் பட்டையும் உண்டு. அது வளையாது, தலைக்குள் தட்டையாகவே இருக்கும். ஆகவே இரு பக்க ரேசருக்காகச் சொல்லப்படும் கைப்பிடிக் கணக்கு எதுவும் உங்கள் ரேசருக்குப் பொருந்தாது. இந்த வகைக்கு அனுபவமுள்ளவர்கள் சொல்வது ஒன்றுதான்: தலையின் மேல்முகத்தைக் கன்னத்தில் தட்டையாகப் படியவிடு. அப்படிச் செய்தால் கைப்பிடி முகத்தைவிட்டு நன்றாக விலகி நிற்கும். முதல் முறை பார்க்க விநோதமாக இருக்கும், ஆனால் அதுதான் சரி.

பழகும் முறையைச் சொல்கிறேன். முதலில் பிளேடு இல்லாமல் ரேசரை மூடி, முகத்தில் நுரை போட்டு, கன்னத்தில் ஓட்டிப் பாருங்கள். மேல்மூடி மட்டும் தொடுவது எப்படி இருக்கிறது, தடுப்பும் சேர்ந்து தொடுவது எப்படி இருக்கிறது என்று விரலும் கன்னமும் தெரிந்துகொள்ளட்டும். பிறகு பிளேடு போட்டு, தலையைத் தட்டையாக வைத்து, வெட்டாத நிலையிலிருந்து தொடங்குங்கள். கீழ்நோக்கி மெதுவாக இழுத்துக்கொண்டே கைப்பிடியை இம்மி இம்மியாகத் தாழ்த்துங்கள். ஒரு கட்டத்தில் முடி அறுபடும் சரசரப்பு கேட்கும். தடித்த பிளேடு என்பதால் இந்த வகையில் அந்தச் சத்தம் தெளிவாகவே இருக்கும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் தாழ்த்த வேண்டாம்.

சத்தம் இல்லாமல் வழுக்கிக்கொண்டே போனால், கைப்பிடி அளவுக்கு மீறி விலகியிருக்கிறது. பிளேடு தத்தித் தத்தி அதிர்ந்தாலோ, தோல் இழுபட்டாலோ, அளவுக்கு மீறித் தாழ்ந்திருக்கிறது. இந்த இரண்டு அடையாளங்கள் போதும், டிகிரியை மறந்துவிடலாம்.

தாடை எலும்பு திரும்பும் இடத்தில்தான் பெரும்பாலோர் வெட்டிக்கொள்கிறார்கள். கன்னத்தில் சரியாக இருந்த கை அதே நிலையில் கழுத்துக்கு இறங்குகிறது. ஆனால் அங்கே தோலின் பரப்பு உள்நோக்கி மடிந்துவிட்டது, கோணமும் மாறிவிட்டது. எனவே தாடை விளிம்பில் நிறுத்தி, ரேசரை எடுத்து, முகவாயை உயர்த்தி, ரேசர் தலையை மறுபடியும் தட்டையாக வைத்துத் தொடங்குங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக இழுக்க வேண்டாம்.

அழுத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்ட்ரிட்ஜ் ரேசரின் தலை தானாக அசைந்து முகத்துக்கு ஏற்பத் திரும்பிக்கொள்ளும். அதை அழுத்தியே பழகிய கை உங்களுடையது. இந்த ரேசரின் தலை அசையாது. அழுத்தினால் தடுப்புக்கும் மூடிக்கும் நடுவே தோல் பிதுங்கி மேலெழும். பிளேடு அந்தப் பிதுக்கத்தைச் சீவும். ரேசரின் எடையே போதும். கைப்பிடியை அடிப்பக்கமாக, இரண்டு மூன்று விரல்களால் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் முடியாது.

அந்தப் பெட்டி பிளேடைத் தூக்கிப் போடுங்கள்

ஜெம் பிளேடு இருக்கும் அதே வடிவத்தில், முதுகுப் பட்டையோடு, பெயின்டும் ஸ்டிக்கரும் சுரண்டுவதற்கென்று பிளேடுகள் விற்கிறார்கள். அவை உங்கள் ரேசரில் சரியாகவே பொருந்தும், அதுதான் ஆபத்து. பெரும்பாலும் கார்பன் ஸ்டீல். முகத்துக்கான பிளேடில் இருக்கும் நுண்தீட்டலோ வழுக்குப் பூச்சோ இருக்காது. உங்கள் பெட்டியின் மேல் பெயின்ட் சுரண்டும் படம் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முகத்துக்கென்றே செய்த, பூச்சுள்ள ஸ்டெயின்லெஸ் ஜெம் பிளேடை வாங்குங்கள். மைத்துனரிடம் சொன்னால் அங்கிருந்தே அனுப்புவார்.

பிளேடைப் போட்டபின், முன்பக்கம் இருக்கும் நிறுத்திகள் இரண்டிலும் அது முட்டி நிற்கிறதா, கூர் இரு மூலைகளிலும் ஒரே அளவு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சில பழைய ரேசர்களில் இந்த நிறுத்திகள் தேய்ந்தோ அரித்தோ போயிருக்கலாம். பிளேடு ஒரு பக்கம் துருத்திக்கொண்டால் எந்தக் கோணத்தில் பிடித்தாலும் அந்தப் பக்கம் வெட்டும். அப்படி இருந்தால் அந்த ரேசரை அலமாரியில் வைத்துவிடுங்கள்.

பிளேடு இழுக்கத் தொடங்கினால் உடனே மாற்றுங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மையான முடி எப்படி பிளேடைப் பழுதாக்குகிறது என்று காட்டியது. கூர் சீராகத் தேய்வதைவிட, முடி வளைந்து சாயும்போது அதன் விளிம்பு நுண்ணிய சில்லுகளாகப் பெயர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பள்ளங்கள்தான் தோலைப் பிராண்டுகின்றன.

கொப்புளம் ஏன் வருகிறது?

பிளேடு ஒன்றாகிவிட்டால் கொப்புளம் போய்விடும் என்று நம்பினீர்கள். அந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. பல பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியைப் பிடித்துச் சற்று வெளியே இழுக்கும், பின்னால் வரும் பிளேடு வெட்டும், மிச்ச முடி தோலுக்கு உள்ளே போய்விடும். 1971இல் இரட்டை பிளேடு கார்ட்ரிட்ஜ் சந்தைக்கு வந்தபோது இதையே பெருமையாகச் சொல்லித்தான் விற்றார்கள். முடி சுருண்டு வளரும் வாகு உள்ளவர்களுக்கு இதுவே வினை. உள்ளே போன முடியின் நுனி ஈட்டி மாதிரி கூராக இருக்கும். அது மயிர்க்காலின் சுவரைத் துளைத்துக்கொண்டு தோலுக்குள் போகும், அல்லது வெளியே வந்து வளைந்து பக்கத்துத் தோலில் மறுபடி குத்தும். உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்த்து வீக்கம் உண்டாக்குகிறது. நீங்கள் கொப்புளம் என்று சொல்வது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் ஒரே பிளேடு வைத்துக்கொண்டும் தோலை இறுக்கி இழுத்துப் பிடித்து, முடி வளரும் திசைக்கு எதிராக வழித்தால் முடி உள்ளே போகத்தான் செய்யும். கோணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் இதை அது தடுக்காது. கழுத்து மோசமாகிவிட்டது என்கிறீர்கள். வழவழப்பு வேண்டும் என்று எதிர்த் திசையில் இரண்டாம் முறை போகிறீர்கள் என்றே ஊகிக்கிறேன். சலூனில் அப்படித்தான் செய்வார்கள், நாமும் அதைப் பார்த்தே பழகியிருக்கிறோம்.

உங்கள் கழுத்தில் முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று தெரியுமா? இரண்டு நாள் ஷேவ் செய்யாமல் விட்டு, விரலால் நான்கு பக்கமும் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு எங்கே குறைவோ அதுதான் வளரும் திசை. கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழ். கழுத்தில் பலருக்குக் கீழிருந்து மேலாகவும், பக்கவாட்டிலும், சிலருக்குச் சுழியாகவும் இருக்கும். அந்தத் திசையிலேயே ஒரு முறை மட்டும் ஓட்டுங்கள். தோலை இழுக்காதீர்கள், தொய்வு போகும் அளவுக்குப் பிடித்தால் போதும்.

குளித்து முடித்தபின் ஷேவ் செய்யுங்கள். முடி இரண்டு மூன்று நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறினால் அதை வெட்டத் தேவைப்படும் விசை வெகுவாகக் குறைகிறது. அப்புறம் படிகாரம் தடவும் பழக்கம் இருந்தால் தொடரலாம். எங்கே சுரீரென்று எரிகிறதோ அங்கே அதிகமாகச் சுரண்டியிருக்கிறீர்கள் என்று அது காட்டிக்கொடுக்கும். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர்ஷேவ் இப்போதைக்கு வேண்டாம்.

அந்த க்ரீம்

பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் தடவினால் அடங்குகிறது, நிறுத்தினால் சிவந்து அரிக்கிறது என்ற ஒரு வரி போதும். ஸ்டீராய்டு கலந்த க்ரீமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து மூன்றையும் ஒரே டியூபில் கலந்து விற்கும் வழக்கம் நம் நாட்டில் பெரிய தோல் நோய்ச் சிக்கலாகிவிட்டது. டியூபைத் திருப்பிப் பாருங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. இவற்றை முகத்தில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், சின்ன ரத்தக் குழாய்கள் தெரியும், பரு கிளம்பும், க்ரீம் இல்லாமல் இருக்க முடியாத நிலை வரும். மெலிந்த தோலில் எந்த ரேசரும் எளிதில் கீறும். ரேசரை மாற்றியபின் கழுத்து மோசமானதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தாடியில் வரும் படர்தாமரையும் சில நேரம் கொப்புளம் போலவே தெரியும். ஸ்டீராய்டு தடவினால் அரிப்பும் சிவப்பும் அடங்கும், பூஞ்சை மட்டும் அடியில் பரவிக்கொண்டே இருக்கும். வட்டமாக விளிம்பு தடித்துப் பரவுகிறதா, பிடித்து இழுத்தால் முடி வலியில்லாமல் கையோடு வருகிறதா, வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எதற்காவது 'ஆம்' என்றால் தாமதிக்காதீர்கள். தோலைக் கொஞ்சம் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனையில் விடை கிடைத்துவிடும்.

க்ரீமை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், இப்படியே மாதக்கணக்கில் தொடரவும் வேண்டாம். இந்த வாரமே தோல் மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லும் முறையில் விடுங்கள்.

இனி என்ன செய்யலாம்?

என் விருப்பத் தேர்வு இது. கன்னத்துக்கு உங்கள் ரேசர், நல்ல பிளேடோடு. கழுத்துக்கு ட்ரிம்மர், ஒரு மில்லிமீட்டர் முடி மிஞ்சும்படி. வரவேற்பு மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது. உள்ளே மாட்டியிருக்கும் முடிகள் வளர்ந்து தாமாக வெளியே வர நான்கு வாரமாவது ஆகும். அதுவரை கழுத்தில் பிளேடு படக் கூடாது. வெளியே நுனி தெரியும் முடியைச் சுத்தமான ஊசியால் மெல்ல நிமிர்த்திவிடலாம், பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் அடுத்து முளைப்பதும் உள்ளேயே மாட்டும்.

முழுச் சவரம் கட்டாயம் என்று உங்கள் நிர்வாகம் சொன்னால், மருத்துவரிடம் சான்று வாங்கிக் கொடுங்கள். 'இந்த நோய்க்குச் சவரத்தை நிறுத்துவதே சிகிச்சை, இத்தனை வாரம் ட்ரிம்மர் மட்டும்' என்று எழுதித்தரத் தோல் மருத்துவர் யாரும் தயங்கமாட்டார். சலுகை கேட்கிறோமே என்ற கூச்சம் உங்களுக்கு வேண்டாம். இது நோய்க்கான விடுப்புக் கேட்பது போன்றதுதான். வாயால் கேட்காமல் எழுத்தில் கொடுத்து, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் அடங்காவிட்டால் முடி வளர்வதைக் குறைக்கும் லேசர் சிகிச்சை இருக்கிறது. நம் நிறத் தோலுக்கு 'நீள்துடிப்பு என்டி யாக்' என்ற வகை லேசர் கூடுதல் பாதுகாப்பானது. பல அமர்வுகள் ஆகும், செலவும் உண்டு, தாடி வளர்க்கும் எண்ணம் பிறகு வந்தால் அந்த இடத்தில் அடர்த்தியாக வராது. பூஞ்சை இல்லை என்று உறுதியாகி, ஸ்டீராய்டு விட்டு, தோல் தேறியபிறகே அதை யோசிக்கலாம். கரும்புள்ளிகளுக்குத் தனியாக எதையும் வாங்கித் தடவாதீர்கள். புதுக் கொப்புளம் வருவது நின்று, பகலில் சன்ஸ்க்ரீனும் போட்டால் பல மாதங்களில் தாமாகவே மங்கும்.

அப்பாவுக்கு

அப்பாவிடம் இன்றைக்கே பேசுங்கள். ஒரே பிளேடை இரண்டு பேர் பயன்படுத்தக் கூடாது, அப்பா மகன் என்றாலும் கூடாது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தக் கறையில்கூட குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். உங்கள் கழுத்தில் பூஞ்சை இருந்தால் அதுவும் அவருக்குப் போகும். படிகாரக் கல்லும் தனித்தனியாக இருக்கட்டும்.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கொடுக்கும் க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளால் சின்ன வெட்டிலும் ரத்தம் நிற்க நேரமாகும். சர்க்கரை சேர்ந்தால் புண் ஆறுவதும் தாமதம், சீழ் பிடிக்கும் வாய்ப்பும் கூடுதல். வயதான தோல் தளர்ந்து மடிவதால் இந்தத் தலை அசையாத ரேசரில் அவர் சரியான கோணம் பிடிப்பது உங்களைவிடக் கடினம். அவருக்கு எலக்ட்ரிக் ஷேவர் வாங்கிக் கொடுங்கள். எப்போதாவது வெட்டிக்கொண்டால் சுத்தமான துணியால், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல், பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தம் வருகிறதே என்று பயந்து அந்த மாத்திரைகளை ஒரு வேளைகூட அவராக நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட்டில் அடைப்பு வந்தால் உயிருக்கே ஆபத்து.

தோல் மருத்துவரிடம் போகும்போது அந்த க்ரீம் டியூபையும், ரேசரையும், பிளேடு பெட்டியையும் எடுத்துப் போங்கள். முந்தைய மூன்று நாள் ஷேவ் செய்யாமல் போனால் முடி எங்கெங்கே உள்ளே வளைகிறது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும்.